மூன்றாம் வரியில் என் அண்ணன்

என்ன படித்தாய் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அலுப்புத்தான். தத்துவம் என்று சொன்னால், சாமியாராகப் போகிறாயா என்பார்கள். அதில் லாஜிக் என்று சொன்னால், வக்கீல் வேலைக்கா என்பார்கள். சிம்பாலிக் லாஜிக், குறியீட்டுத் தர்க்கம் என்று முழுசாகச் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். அது ஒரு வசதி. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த தர்க்கம் ஒன்றே ஒன்றுதான், அது குழாயடியில் நடப்பது. "வாய்க்கு வாய் பேசறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஆஸ்டலு. நாங்கல்லாம் படிக்காமலே பேசலயா?" என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதுபடவே சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வாய்க்கு எம்.ஏ. பட்டமே கொடுக்கலாம்.

நான் தத்துவம் எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கேட்ட பாடத்தில் இடமில்லை என்றார்கள், இருந்த பாடத்தில் போய் உட்கார்ந்தேன். பி.ஏ. முடிந்து வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு எடுப்பார்களே என்று எம்.ஏ.யும் அதிலேயே சேர்ந்தேன். சிதம்பரத்தில் விடுதி. சனிக்கிழமை மத்தியானம் சேத்தியாத்தோப்பு வழியாக வரும் பஸ்ஸில் ஊருக்கு வந்து, திங்கட்கிழமை காலையில் அதே வழியாகத் திரும்பிப் போகவேண்டும். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டும், மூடினால் பாடம் பாக்கி நிற்கும். அந்த இரண்டு வருஷமும் ஒரு நாளாவது நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி ஞாபகமில்லை.

அப்பா ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்தான். கம்பெனி என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு சூளை, மண் அரைக்கிற ஒரு மெஷின், காயவைத்த கோப்பைகள் அடுக்கிய பலகைகள். அதற்கு ஒரு முதலாளி. அண்ணனுக்கு அங்கே கலர் வேலை. கோப்பை விளிம்பில் ஓடுகிற நீலக் கோட்டுக்கு அவன்தான் கலர் கலக்குவான். காலையில் கறுப்பாகப் போகிறவன் சாயங்காலம் மண்தூசி படிந்து வெள்ளையாகத் திரும்பி வருவான். நான் படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவன்தான். ஏன் என்று கேட்டால், "யாராச்சும் ஒருத்தர் படிக்கணும்ல" என்பான். அதற்கு மேல் அவனிடம் விளக்கம் கிடைக்காது.

அந்த நீலக் கலருக்கான பொடி வெளிநாட்டுச் சரக்கு. லைசென்ஸ், சிபாரிசு என்று மெட்ராசுக்கு அலைந்து அலைந்து முதலாளி ஒரு டப்பா வாங்கி வருவார். கலர் ரூமில் வைத்துப் பூட்டுவார். பூட்டிய சாவி வெளியில் ஆணியில் தொங்கும். இப்படிப் பூட்டுவதற்குப் பூட்டாமலே இருக்கலாமே என்று நான் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். "பூட்டு வெளியாளுக்கு, சாவி நமக்கு" என்றான். நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் அந்த டப்பா காணாமல் போனது.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் போலீசுக்கு முன்னால் போகிற இடம் ஒன்று உண்டு. மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். கோர்ட்டில் மனு எழுதுகிற மாதிரியே, இன்ன ஊர் இன்னார், எனக்கு நடந்தது இது என்று காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். காணாமல் போன மாடு, பாகப்பிரிவினை, ஓடிப்போன புருஷன், எல்லாமே அங்கே வழக்குத்தான். நியாயம் கிடைத்துவிட்டால் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். வாங்காமல் விட்டால் கேஸ் நடந்துகொண்டே இருக்கும் என்று பயப்படுவார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பரீட்சைக்கு முன்னால் அங்கே விழுந்து கும்பிட்டவள்தான் நானும்.

முதலாளி பிராது கட்டிவிட்டு வந்து, எல்லாரையும் கொட்டகைக்கு வெளியில் நிறுத்திச் சொன்னாராம். "யாரு பேரும் நான் எழுதல. எடுத்தவன் கை விளங்காமப் போவணும்னு எழுதிக் கட்டிட்டு வந்துட்டேன். மனசு மாறி வச்சிட்டா வாபஸ் வாங்கிக்கறேன்." அந்த ஆள் கெட்டவர் இல்லை. பயந்துகொண்டு யாராவது டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் வைக்கவில்லை. கொஞ்ச நாள் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்று அண்ணன் சிரித்தான்.

அப்புறம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சூளை முழுசாக ஆறுவதற்குள் திறக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. கோப்பைகளை மண்பெட்டிகளுக்குள் வைத்துத்தான் சூளையில் அடுக்குவார்கள், சாகர் என்பார்கள் அந்தப் பெட்டிகளை. அன்றைக்கு ஆள் பற்றவில்லை என்று கலர் வேலைக்காரனான அண்ணனும் உள்ளே போயிருக்கிறான். சூடு தாங்க ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு சாகரைத் தூக்கியிருக்கிறான். சாக்கின் ஈரம் ஆவியாக அடித்து வலது கை உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

எனக்கு இது தெரியாது. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். "ஏம்மா, வூட்டுக்குப் போறியா? உங்கண்ணனுக்குக் கை வெந்துபோச்சு. பயப்படாத, உசுருக்கு ஒன்னுமில்ல" என்றார். குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒன்னும்மா, கொளஞ்சியப்பரு லேசுப்பட்ட ஆளு இல்ல" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று வீட்டுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அங்கேயே நின்று திட்டினேன். யாரை என்று தெரியாமல் திட்டினேன்.

கொடுமை என்னவென்றால், அந்த வாரம்தான் எங்களுக்கு வகுப்பில் அதே பாடம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பேராசிரியர் இங்கிலீஷில்தான் நடத்துவார். களைத்துப் போனால் தமிழுக்கு வந்துவிடுவார், மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் தமிழ்தான். கரும்பலகையில் ஒரு செய்திக்குப் பி என்று போடுவார், இன்னொரு செய்திக்குக் கியூ என்று போடுவார், நடுவில் படுக்கவைத்த லாடம் மாதிரி ஒரு குறி. பி என்றால் கியூ, அதாவது பி நடந்தால் கியூ நடக்கும். அதற்குக் கீழே நாலு வரியில் ஒரு அட்டவணை. முதல் வரியில் பி மெய், கியூவும் மெய். இரண்டாம் வரியில் பி மெய், கியூ பொய். அந்த ஒரு வரியில்தான் வாக்கியம் பொய்த்துப்போகும். மூன்றாம் வரியில் பி பொய், கியூ மெய். நாலாவதில் இரண்டும் பொய். இந்த இரண்டிலும் வாக்கியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. மூன்றாம் வரி வந்ததும் வகுப்பே முழிக்கும். பி நடக்கவே இல்லை, கியூ மட்டும் எப்படி சார் நடந்தது என்று யாராவது கேட்பார்கள். "அது வேற எதாலயாவது நடந்துருக்கும்மா. நமக்கென்ன?" என்பார். "அந்த வரி இருக்கிறதுனாலதான், கியூ நடந்துருச்சு, அதனால பி நடந்துருக்குன்னு பின்னாலேருந்து முன்னால தாவக்கூடாது. தாவினா வாதம் செல்லாது." யாராவது மேலும் இழுத்தால், "உண்மை கிடக்கட்டும். செல்லுமா செல்லாதா, அது மட்டும் நம்ம வேலை" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

எடுத்தவன் கை விளங்காமல் போகும். அண்ணன் கை வெந்தது. ஆகவே அண்ணன் எடுத்தான். ஊர் முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் தாவிக்கொண்டிருந்தது. என் அண்ணன் எடுக்கவில்லை, ஆனாலும் அவன் கை வெந்தது, சாமி வாக்கும் பொய்யாகவில்லை. மூன்றாம் வரியில் நின்றுகொண்டிருந்தான் அவன். எடுத்தவன் கை விளங்காமல் போகும் என்றுதான் பிராதில் இருக்கிறது, எடுக்காதவன் கை வேகாது என்று முதலாளியும் எழுதவில்லை, சாமியும் சொல்லவில்லை. சாமிக்கு எதிராகக்கூட நான் பேசவேண்டியதில்லை. இவ்வளவு சுத்தமான ஒரு பிழையை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வயது அப்படி.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். புத்தகத்தில் இருந்த உதாரணத்தையே சொன்னேன். "மழ பேஞ்சா தெரு ஈரமாவும். சரியாக்கா?"

"சரி."

"இப்ப தெரு ஈரமா இருக்குது. அதுக்காக மழதான் பேஞ்சிதுன்னு சொல்ல முடியுமா? பஞ்சாயத்து லாரி வந்து தண்ணி ஊத்திட்டுப் போயிருக்கலாம்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம தெருவுக்கு எந்தக் காலத்துலடி லாரி வந்துச்சு?"

வேறு உதாரணம் போட்டேன். "காய்ச்ச வந்தா ஒடம்பு சுடும். ஒடம்பு சுட்டா காய்ச்சதானா? வெயில்ல நின்னாலும் சுடும்ல?"

"வெயில்ல நின்னா உங்கண்ணன் கையி வெந்துருமா?" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கென்னமோ உங்கண்ணன் நல்லவந்தான்னு தோணுது, பாவம். ஆனா சாமி பொய் சொல்லாதுல்ல" என்று போய்விட்டாள். செவிடன் காதில் சங்கு ஊதுவதாவது பரவாயில்லை, ஊதுகிறவனுக்கு மூச்சாவது பழகும்.

சூளை வேலைக்காரர்களிடம் போனேன். அவர்களிடம் உதாரணமே தேவையில்லை, அவர்கள் கைகளே போதும். முழங்கைவரை தழும்பு இல்லாத ஒருவன் கிடையாது அங்கே. "உங்க கையெல்லாம் எப்படிண்ணே வெந்துது? நீங்கல்லாம் என்னாத்த எடுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்டதும் நானே ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன். அவர்களில் வயதானவர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கு வெந்ததெல்லாம் பிராதுக்கு முன்னாடிம்மா. அது சூள சுட்டது. இது வேற." மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆறாத சூளையை யார் திறக்கச் சொன்னது என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு சாகரைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். முதலாளி உள்ளேதான் இருந்தார்.

இப்படியே வாரா வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை சிதம்பரத்தில் பி, கியூ. சனி, ஞாயிறு ஊரில் அதே பி, கியூ. அங்கே நான் சொல்வதெல்லாம் சரி என்று டிக் போட்டுக் கொடுத்தார்கள், இங்கே நான் வாயைத் திறந்தாலே ஆள் நகர்ந்துபோனார்கள். "அண்ணனுக்கு வக்காலத்து வாங்க ஆஸ்டல்லேருந்து வந்துட்டா" என்று பேர் வந்தது. பஸ்ஸில் ஏறும்போதே அலுத்துவிடும். இந்த வாரம் யாரிடமும் பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டு இறங்குவேன், இறங்கியதும் யாராவது ஒருவர், "கை எப்படி இருக்குது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கை இருக்காது. நான் மறுபடி ஆரம்பித்துவிடுவேன்.

வீட்டுக்குள்தான் இன்னும் மோசம். அம்மா ஒருநாள் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், வலது கை கட்டோடு இருந்ததால் அப்படி. ஊட்டிக்கொண்டே சொல்கிறாள்: "தெரியாத்தனமா எங்கனா எடுத்து வச்சிட்டு மறந்துட்டியா? யோசிச்சிப் பாருடா. சாமிகிட்ட ஒத்துக்கினா கை ஆறிடும்." அண்ணன் வாயில் சோற்றோடு அம்மாவைப் பார்த்தான். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. நான் அம்மாவிடம் கத்தினேன். கத்தின கத்தலில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். அம்மா அழுதாள். "அவன் திருடன்னு நான் சொன்னனா? கை ஆறணும்னுதான சொல்றேன்" என்றாள். அம்மாவைச் சொல்லி என்ன பயன். கை ஆறாமல்தான் இருந்தது. ஆறினால் சாமி மன்னித்தது, ஆறாவிட்டால் சாமி விடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் எடுத்ததாகத்தான் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானாகவே சொன்னான்: "கலர் கலக்கறப்ப நான் கை அளவாப் போடுவேன், தராசு வைக்கறதில்ல. கொஞ்சங் கொஞ்சமா அதிகமாப் போட்டிருப்பனோ? அப்படியே டப்பா தீந்துபோயி, காலி டப்பாவக் குப்பையோட கூட்டித் தள்ளிருப்பாங்களோ?" அவன் முகத்தைப் பார்த்தேன். எப்படியாவது தன் மேல் ஒரு குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் நிம்மதி என்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஊர் சொல்வது போகட்டும், இவன் நம்பிவிட்டால் என்ன செய்வது?

அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கை மருந்து ஒரு டியூப் வாங்கி வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். கை எப்படி என்று நிஜமாகவே கையைப் பார்த்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. எனக்குப் பொடி போனதுகூடப் பெருசில்ல, நீ இல்லாம கலர் ஒன்னும் சரியா வர மாட்டங்குது. திங்கக்கெழம காலைல நான் பிராத வாபஸ் வாங்கப் போறேன். நீயும் வா. பக்கத்துல நின்னு ஒரு கும்புடு போடு. அத்தோட முடிஞ்சிது. கை ஆறுனதும் வேலைக்கு வந்துடு. யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க, நானாச்சு."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். வாபஸ் வாங்குவது எப்போது? நியாயம் கிடைத்த பிறகு. கிடைத்த நியாயம் எது? அண்ணன் கை. அவர் பக்கத்தில் போய் நின்றால், ஆமாம் நான்தான் என்று சாமி முன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி. இவ்வளவு நாள் ஊர் வாயில் இருந்தது, இனிமேல் கோயிலில் ஏறிவிடும். போகக்கூடாது என்றேன்.

"போவலன்னா?" என்றாள் அம்மா.

போகாவிட்டால் பிராது அப்படியே இருக்கும். பிராது இருக்கிறவனை ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது, சூளைப் பக்கம் நிற்கவிடவே பயப்படுவார்கள். போனால் திருடன், வேலை உண்டு. போகாவிட்டாலும் திருடன், வேலை கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டைலமா என்கிற இந்த மாதிரி இரட்டைக் கிளை வாதத்துக்கும் எங்கள் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. எந்தக் கிளையில் ஏறினாலும் ஒரே முடிவுக்கு வருவது. அந்த வாதம் செல்லும் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மேற்கொண்டு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆளைக் காக்கவைப்பதில் எனக்கு ருசி கிடையாது. அண்ணன் போனான். பிராது வாபஸ் ஆனது. கை ஆறியது, இரண்டு விரல் மட்டும் முழுசாக மடங்காது. வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி சொன்ன மாதிரியே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபதுகளில் அந்தக் கொட்டகை பெரிசாகி, புதுச் சூளை வந்தபோது, கலர் ரூம் சாவியை ஆணியில் மாட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். மற்ற யாரை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவனை நம்பலாம், சாமியே திருத்தின ஆள், இன்னொரு தரம் கை வைப்பானா என்றார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவனைக் காட்டி மரியாதையாகத்தான் அந்தக் கதையைச் சொல்லுவார்கள். அவனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். டப்பா என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. நான் லாஜிக் பேப்பரில் நல்ல மார்க் வாங்கினேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு வேறொரு ஊரில் அதே பாடத்தை நடத்தி, மூன்றாம் வரிக்கு முழிக்கும் பிள்ளைகளுக்கு, வேறு எதனாலாவது நடந்திருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அன்று வகுப்புக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கோயிலுக்குக் கூடவே போய், வாபஸ் வாங்கும்போது முதலாளியைப் பார்த்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று இருந்தேன். ஆறாத சூளையைத் திறந்தது யார் என்பது முதல் கேள்வி. அம்மா குளித்துவிட்டுப் பூ வாங்கப் போயிருந்தாள். நான் அண்ணனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் விட்டு மெதுவாகப் பிரித்தேன். அவன் முகத்தைச் சுளிக்கவில்லை.

"பாப்பா, ஒன்னு கேக்கறேன். உன் படிப்புல, நான் எடுக்கலன்னு இருக்குதா?"

"நீ எடுத்தன்னு சொல்ல முடியாதுன்னு இருக்குது."

"அது இல்ல. எடுக்கலன்னு?"

நான் மருந்தை எடுத்துத் தடவினேன். "அது இல்லண்ணே. அதச் சொல்ல வேற ஆதாரம் வேணும்."

"இத்தினி நாளா ஊர்ல எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லிக்கினு திரிஞ்சியா?"

"ஆமா."

சிரித்தான். கை வெந்ததற்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "சரி, படிப்ப வுடு. நீ என்னா நெனைக்கிற?"

"நீ எடுக்கல."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியும்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். இதைப் போய்க் கேட்கிறானே என்று கோபம், இதை வாய்விட்டு யாரும் இதுவரை அவனிடம் சொல்லவே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்ததில் இன்னும் கோபம். காரணம் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. தேடவும் எனக்கு மனசில்லை. "எனக்குத் தெரியும். நீ எடுக்கல. அவ்ளோதான்."

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ள இடது கையை எடுத்தான். நான் புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சட்டையைக் கேட்டான். கட்டுப்போட்ட கை சட்டைக்குள் நுழைய ஒத்தாசை செய்தேன், பொத்தானும் நான்தான் போட்டேன்.

"சரி, நான் போயிட்டு வரேன்" என்றான்.

"நானும் வரேன்."

"நீ வேணாம். நீ உன் பஸ்ஸுக்குப் போ."

"ஏன்? நான் சும்மா நிக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

"அதுக்கில்ல பாப்பா." அவன் வாசல் பக்கம் பார்த்தான். அம்மா பூவோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். "அங்க மொதலாளி இருப்பாரு, அம்மா இருக்கும், கம்பெனி ஆளுங்க இருப்பாங்க. அவங்கல்லாம் நான் எடுத்தேன்னு நெனைக்கறவங்க. அவங்க முன்னாடி தல குனிஞ்சி நிக்கறது எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல, நின்னுடுவேன். நீ அங்க நின்னா என்னால முடியாது."

நான் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குப் போனேன். தெருவே பார்க்க அழுதுகொண்டுதான் போனேன்.